ஒன்றேகால் ஆள் சுமை

எங்கள் கிடங்கில் எந்தப் பொருளைத் தூக்குவதற்கு முன்னாலும் யாராவது ஒருவர் முனை பார்க்க வேண்டும். ஒரு மூலையை மட்டும், ஒரு கையால், விரற்கடை உயரத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு 'ஓராள்', 'ரெண்டாள்', 'நாலாள்' என்று குரல் கொடுக்க வேண்டும். பெட்டிமேல் எடை அச்சடித்துத்தான் வரும். அதை யாரும் நம்புவதில்லை. அச்சடிக்கிறவனா வந்து தூக்கப் போகிறான்?

என் வலது தோள் இறங்கிப்போன பிறகு முனை பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. நாள் முழுக்கச் சுமக்க முடியாது, ஆனால் கை இன்னும் பொய் சொல்வதில்லை என்று சக ஆட்களே கொடுத்தார்கள். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சொன்னவன் தோள் கொடுக்க வேண்டும். நான் ரெண்டாள் என்றால் அந்த இரண்டு பேரில் நானும் ஒருவன். வலித்தாலும் முதல் தூக்குக்கு நான் கீழே இருந்தாக வேண்டும். ஓரமாக நின்றுகொண்டு வாயால் சுமக்கிறவனை எங்கள் ஆட்கள் மதிக்க மாட்டார்கள்.

இந்தக் கைப்பழக்கத்தோடுதான் மகளுக்கு லேப்டாப் வாங்கப் போனேன்.

அவளுக்குக் கட்டட வரைபடம் படிக்க இடம் கிடைத்திருந்தது. லேப்டாப் இல்லாமல் வகுப்பில் உட்காரவே முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அதிலேயே விளையாடவும் வேண்டும் என்றாள் மகள். சின்னப்பிள்ளை விளையாட்டு இல்லை. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பேசியபடியே ஆடுவது. எங்கள் தெருமுனையில் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. விடுமுறை நாட்களில் அந்தக் கடையைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டு, அதற்குக் கூலியாக அங்கே ஆடிப் பழகியவள் அவள். கடையை மூடிவிட்டார்கள். இப்போது கல்லூரியில் ஒரு அணி இருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்தவர்களை ஒரு சனிக்கிழமை ஆடவைத்துப் பார்த்து எடுப்பார்களாம். இதையெல்லாம் அவள் சொன்னபோது நான் ஒரு காதால்தான் கேட்டேன். மறுகாதில் தோள்வலி இருந்தது.

என் மனைவி மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"படிக்க ஒண்ணு, ஆட ஒண்ணுனு ரெண்டா கேக்குறா? ஒண்ணுலயே ரெண்டும்னுதானே சொல்றா. இந்தக் கெட்டிக்காரத்தனம் உங்க பக்கத்துல இருந்து வந்ததில்ல."

மகள் பல வாரமாகத் தேடி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். போன வருஷத்து மாடல். புது மாடல் வந்துவிட்டதால் விலை இறங்கியிருக்கிறது, உள்ளே இருக்கும் சரக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாள். படம் ஓடுவதற்கென்று தனியாக கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, சூடு தணிக்க இரண்டு விசிறி, நினைவகம் போதாமல் போனால் பின்னால் இன்னொரு ராம் போட்டுக்கொள்ள ஒரு இடம் காலியாக இருக்கிறது. மெல்லிசாகவும் பளபளப்பாகவும் இருப்பதற்குக் கொடுக்கிற காசை உள்ளே இருப்பதற்குக் கொடுக்கலாம் என்பது அவள் கட்சி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடைக்குப் போகும்வரை பட்டது.

எங்களில் யார் பெரிய பொருள் வாங்கப் போனாலும் கூட ஒருவர் போவது வழக்கம். என்னோடு நெட்டை வந்தான். கிடங்கில் எனக்கு அடுத்து நிற்பவன், கதவுக்குக் கதவு குனிந்தே பழகியவன். கடையில் லேப்டாப்புகளைத் திறந்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதனால் எந்த அட்டையைக் கண்டாலும் விடுவதில்லை. நான் முதல் அட்டையை முடிப்பதற்குள் மகள் தன் லேப்டாப் முன்னால் போய் நின்றுவிட்டாள். கறுப்பாக, தடியாக, பின்புறம் சல்லடை மாதிரி ஓட்டைகளோடு இருந்தது.

கை சும்மா இருக்குமா? மூலையைப் பிடித்துத் தூக்கினேன். பிறகு அதன் சார்ஜரைக் கையில் வாங்கினேன். செங்கல்லுக்கு வால் முளைத்த மாதிரி இருந்தது.

"ரெண்டாள்" என்றேன்.

நெட்டை வாய்விட்டுச் சிரித்தான். விற்கிற பெண்ணும் சிரித்துவிட்டாள். நாலு பேர் சிரித்தால் எனக்குக் கொஞ்சம் ஏறிவிடும். அடுத்தடுத்து எல்லாவற்றுக்கும் முனை பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் சாம்பல் நிறத்தில் தட்டு மாதிரி ஒன்று இருந்தது. அது சுட்டுவிரலிலேயே எழுந்து வந்தது. விலையும் ஏறக்குறைய அதே விலை. இதுக்கு ஆளே வேண்டாம் அண்ணே, காத்தே கொண்டுபோய் விட்டுடும் என்றான் நெட்டை.

அதில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றாள் மகள். கனமான வரைபடம் வந்தால் இது திணறும் என்று விற்கிற பெண்ணும் சொன்னாள். அவள் எதையாவது தலையில் கட்டப் பார்க்கவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள் என்பது எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் ஏற்கெனவே குரல் கொடுத்துவிட்டேன். மூன்று மாடி இறங்க வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், நாலு வருஷம் சுமக்க வேண்டும், இந்தத் தோள் ஒரே நாளில் இறங்கவில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது என்றேன்.

"தோள் போனா அதுக்கு எந்தக் கார்டு போடுறது?"

மகள் என் தோளைப் பார்த்தாள். சரிப்பா, இதையே எடுத்துக்கலாம் என்று மட்டும் சொன்னாள். விற்கிற பெண் பில்லைக் கொடுக்கும்போது, ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டுமானால் மாற்றித் தருவோம், ஆனால் பெட்டி முழுசாக இருக்க வேண்டும் என்றாள். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை வெளியே எடுத்ததும் நான் செய்த முதல் காரியத்தை எங்கள் தொழிலில் இருக்கிறவன்தான் செய்வான். காலிப் பெட்டியைக் கண்டால் எங்கள் கை நிற்காது. இடுப்புக் கத்தியை எடுத்தேன், அடி டேப்பை ஒரே இழுப்பில் அறுத்தேன், நாலு மூலையையும் தட்டிப் பெட்டியைத் தட்டையாக்கிச் சணல் போட்டுக் கட்டினேன். காலையில் கையோடு கிடங்குக்குக் கொண்டுபோய் அட்டைக் குவியலில் போட்டேன். அந்தக் குவியல்தான் எங்கள் டீச் செலவு. வாய் அந்தப் பெண்ணிடம் சரி என்று சொல்லியிருந்தது, அந்தச் சேதி கைக்கு வந்து சேரவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே பெருமை. மகள் பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் தாவி இறங்குவதைப் பார்த்தால் என் தோள் வலியே குறைந்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரரிடம் லேப்டாப்பை ஒரே விரலில் தூக்கிக் காட்டினேன். அவர் மரியாதைக்கு அவரும் தூக்கிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் வெளி அறையில் தோளுக்கடியில் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்திருந்தேன். மகள் உள்ளே, துணித்திரைக்குப் பின்னால், காதில் மாட்டிக்கொண்டு பழைய கடைக் கூட்டாளிகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். அவள் ஆடுவதை நான் அதுவரை பக்கத்திலிருந்து கேட்டதில்லை. கத்துவார்கள், சிரிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. நான் முனை பார்க்கும்போது எப்படிப் பேசுவேனோ அப்படித் தணிந்த குரலில் பேசினாள். யாரும் போகவேண்டாம், முதலில் நான் பார்க்கிறேன் என்றாள். விசை தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, இதற்கு ஒருத்தர் போதாது, ரெண்டு பேர் வேண்டும், நான் முன்னால் போகிறேன், நீ ஒட்டியே வா என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெந்நீர்ப் பை தரையில் விழுந்தது.

ஆனால் அவள் முன்னால் போன ஒவ்வொரு தடவையும் ஏதோ ஆகிவிட்டது. நின்னுடுச்சு என்றாள். எனக்குப் படம் விட்டு விட்டு வருது, அவன் வந்ததே தெரியல, ஸாரி என்றாள். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்ற பிறகு அவள் சொன்னது இது:

"இனிமே நீ சொல்லு. என்னால முன்னாடி போக முடியல. முன்னாடி போகாதவ சொல்லக் கூடாது."

சாப்பிட உட்காரும்போதெல்லாம் கிடங்குக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்தக் கட்டுப்பாட்டை நான்தான் அவள் காதில் போட்டிருக்க வேண்டும். போட்டவன் கடையில் என்ன செய்தான்? ரெண்டாள் என்று குரல் கொடுத்தான். அடியில் போய் நின்றது யார்?

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் தொட்டேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. வகுப்பு வரைபடத்தைக் காட்டு என்றேன். தயங்கிவிட்டுத் திறந்தாள். திரையில் ஒரு வீடு வந்தது. அவள் அதைத் திருப்பினாள். நாங்கள் பீரோவை மாடிப்படியில் திருப்புகிற மாதிரி, நின்று, மூச்சு வாங்கி, இன்னும் கொஞ்சம் திரும்பி, மறுபடி நின்றது. படிப்புக்குப் பழகிக்கலாம்பா, கொஞ்சம் மெதுவா வேலை செஞ்சா போதும் என்றாள். சனிக்கிழமை அணிக்கு ஆள் எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். அதுக்கு வேற ஒருத்தி வரட்டும் என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வைத்திருக்க அவள் பட்ட பாடுதான் தெரிந்தது.

கடையிலேயே சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்க தோளைச் சொன்னீங்கப்பா. அதுக்கு மேல நான் என்ன பேசுறது?"

அந்தச் சமயம் பார்த்து என் மனைவி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். நான் நாளைக்கே போய் மாற்றிவிடலாம், கடையில் சொன்ன ஒரு வாரம் இன்னும் முடியவில்லை என்றேன். அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்த்தாள்.

"எல்லாம் சரிங்க. பெட்டி எங்க?"

கிடங்கின் அட்டைக் குவியலைச் சனிக்கிழமைதோறும் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். முந்தின நாள்தான் வந்து அள்ளிப் போயிருந்தது. பரவாயில்லப்பா என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க எனக்குப் பரவாயில்லை என்று படவில்லை.

திங்கட்கிழமை கிடங்கில் போய்ப் பார்த்தால், குவியல் இருந்த இடம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று அட்டையையும் புரட்டினேன். இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஆட்களிடம் நடந்ததைச் சொன்னேன். முனை பார்க்கிறவரே தப்பாகச் சொல்லிவிட்டாராம் என்று ஆளாளுக்கு ஒரு பாட்டு. இனிமேல் காலி டப்பாவுக்கும் நாலாள் கேட்பார் என்றார் ஒருவர். நெட்டை மட்டும் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாரையும்விட அதிகமாகப் பேசுகிறவன் பேசவில்லை என்றால் காரணம் இருக்கும். பார்த்தேன். அவன் தொடைக்கு அடியிலிருந்து சாம்பல் நிற லேப்டாப் ஒன்றின் படம் பாதி எட்டிப் பார்த்தது.

"தரை சில்லுனு இருக்குண்ணே" என்றான். "நல்ல கெட்டி அட்டை. வண்டியில போட மனசு வரல."

அன்று எங்கள் ஆட்கள் சாப்பிட்ட கையோடு செய்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். மடிப்புகளை விரலால் நீவி எழுப்பினார்கள். நெட்டை உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த பக்கத்தின்மேல் மூட்டையை ஏற்றி வைத்து நிமிர்த்தினார்கள். நான் அறுத்த இடத்தை விளிம்போடு விளிம்பு சேர்த்து, சுருக்கமில்லாமல் டேப் ஒட்டினார்கள். கம்பெனி ஒட்டிய சீட்டு பக்கவாட்டில் பத்திரமாக இருந்தது. போகாதது ஒன்றே ஒன்றுதான். மூடியின் நடுவில் நெட்டையின் டீ டம்ளர் வைத்த வட்டம்.

சாயங்காலம் மகளும் நானும் கடைக்குப் போனோம். நெட்டை வருகிறேன் என்றான், நீ பெட்டிமேல் உட்கார்ந்ததே போதும் என்று விட்டுவிட்டு வந்தேன். அதே பெண்தான் இருந்தாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வட்டத்தில் விரலை வைத்தாள், இது என்ன என்று கேட்டாள். டீ என்றேன். பிறகு மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை எடுத்தது, கட்டியது, குவியலில் போட்டது, நெட்டை அடைகாத்தது, எல்லாம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை உள்ளே எடுத்துப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் அதைக் கவிழ்த்துப் பார்த்து, டேப் ஒட்டிய இடத்தைத் தடவுவது தெரிந்தது. மகள் என் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதில் தெரு தாண்டும்போது பிடிப்பாள், அதற்கப்புறம் இப்போதுதான்.

அந்த ஆள் வெளியே வந்தார். லேப்டாப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. திரும்பி வருகிற பெட்டிகளெல்லாம் நாய் பிடுங்கின மாதிரி வரும், இது பரவாயில்லை என்றார். மாற்றித் தரலாம். ஆனால் மகள் கேட்ட மாடலில் புதுப் பெட்டி எல்லாம் விற்றுவிட்டது, காட்சிக்கு வைத்திருந்த ஒன்றுதான் மீதி, மூடியில் ஒரு கீறல் இருக்கிறது, உத்தரவாதம் முழுசாக உண்டு, கீறலுக்காக அந்தக் காலி இடத்தில் இன்னொரு ராம் போட்டுத் தருகிறோம் என்றார்.

நான் மகளைப் பார்த்தேன்.

அவள் உட்கார்ந்தாள். திரை முழுவதையும் வெள்ளையாக்கிப் பார்த்தாள், கறுப்பாக்கிப் பார்த்தாள், எங்காவது புள்ளி செத்திருக்கிறதா என்று. எல்லா விசையையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும்படி எதையோ ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். பிறகு தன் வரைபடத்தைத் திறந்து வீட்டைத் திருப்பினாள். வீடு குயவன் சக்கரத்துப் பானை மாதிரி சுற்றியது. எனக்குக்கூட ஒரு தடவை திருப்பிப் பார்க்க ஆசை வந்தது.

"கீறல் மூடியிலதான்பா. மூடியா ஓடப்போகுது?" என்றாள்.

என் கை மூலையைப் பிடிக்கப் போனது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீயே முனை பார் என்றேன். அவள் அதைக் கேலி என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தாள், இல்லை என்று தெரிந்ததும் மூலையைப் பிடித்து, சரியாக விரற்கடை உயரத்துக்குத் தூக்கினாள். இன்னொரு கையில் சார்ஜரைத் தூக்கினாள். யோசித்தாள்.

"ஒண்ணேகால் ஆள்."

எங்கள் கிடங்கில் அப்படி ஒரு கணக்கே கிடையாது என்றேன். ஆள் என்றால் முழு ஆள்தான்.

"லேப்டாப் நான். சார்ஜர் நீங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும். அந்தக் காலுக்கு இடது தோள் போதும்."

விற்கிற பெண் இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஆட உட்கார்ந்தாள். விசிறிகள் எழுப்பிய சத்தத்தில் என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னங்க வீடே கிளம்பப் போகுதா, பாத்திரத்தை எல்லாம் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். நான் வெளி அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். புதிய ஆட்களோடு முதல் ஆட்டம் என்பதால் முதலில் அவள் குரல் அதிகம் கேட்கவில்லை. முதல் ஆட்டம் தோற்றார்கள். அடுத்ததில் அவள் குரல் வந்தது. இரு, நான் பார்க்கிறேன் என்றது. கொஞ்சம் கழித்து, ரெண்டாள், நான் முன்னாடி, என்றது. படம் நிற்கவில்லை. நிற்கவில்லை என்பது அவள் மறுபடி பேசியதில் தெரிந்தது. யாரோ காதுக்குள் என்னவோ கேட்டிருக்க வேண்டும், ரெண்டாள்னா ரெண்டு பேர்தான், எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம் என்று விளக்கினாள். அந்த ஆட்டம் ஜெயித்தார்களா என்று நான் கேட்கவில்லை. மூன்றாவதும் ஆடினார்கள். முடிவு பிறகு சொல்வார்களாம்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் ஒன்றேகால் ஆளாக இறங்கினோம். பையின் வாரை இழுத்துக் கட்டிச் சுமை முதுகோடு ஒட்டும்படி வைத்துக் கொடுத்திருந்தேன். அவள் இரண்டு தோளிலும் மாட்டியிருந்தாள். சார்ஜர் என் இடது கையில் தொங்கியது. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவள் போன் சத்தம் போட்டது. பார்த்தாள். என் முன்னால் நீட்டினாள். படியுங்க என்றாள்.

பஸ் திரும்பி வருவது தெரிந்தது. எனக்கு அவசரம் வந்தால் எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இனிமே, என்று படித்தேன். முன்னாடி, என்று படித்தேன். பஸ் நின்று ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். போறது, என்று படித்தேன். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை, நான் முடிக்கும்வரை அந்தப் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நீதான், என்று படித்து முடித்தேன். அதற்கப்புறம்தான் போனை இழுத்துக்கொண்டு ஓடி ஏறினாள்.

பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டே நின்றவன் கையில் ஏதோ ஆடுகிறதே என்று குனிந்து பார்த்தால், சார்ஜர்.

ஓடி எத்தனையோ காலம் ஆகிறது. ஓடினேன். வளைவில் பஸ் மெதுவானது, கடைசி ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது, நான் இடது கையை உயர்த்தி அந்தச் செங்கல்லை அந்தக் கையில் வைத்தேன். வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே ஆடிக்கொண்டு போனது. பிறகு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கிடங்குக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டான் நெட்டை. கால் ஆள் சுமை என்றேன். அவன் விழித்தான். அன்று அவன் உட்கார்ந்திருந்தது ஏதோ மின்விசிறிப் பெட்டி. அது யாருடையது என்று விசாரித்துவிட்டு உட்கார் என்றேன்.